நினைவுச் சின்னத்துக்குப் பக்கத்தில் உங்கள் வீடா? கடப்பாரையைத் தூக்குவதற்கு முன் ஒரு முழுமையான வழிகாட்டி

தாராசுரம், மாமல்லபுரம், காஞ்சிபுரம் மாதிரி ஊர்களில் இந்தக் காட்சி அடிக்கடி நடக்கும். ஒழுகுகிற ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டலாம் என்று குடும்பத்தில் முடிவாகும். நல்ல நாள் பார்த்து, கடைக்கால் தோண்டி, முதல் லோடு மணலும் இறங்கிவிடும். மறுநாள் காலை தொல்லியல் துறை ஊழியர் ஒருவர் வந்து நோட்டீஸை நீட்டுவார்.

"பட்டா என் பேர்லதான் சார் இருக்கு."

"பட்டாவைப் பத்தி நான் ஒண்ணும் கேக்கலையே."

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். நிலம் உங்களுடையது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. அந்த நிலத்தின் மேல் என்ன செய்யலாம் என்பதைத்தான் வேறொரு சட்டம் பிடித்து வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை வீட்டுக்காரர் கோணத்திலிருந்து படிப்பதுதான் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டில் மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கும் சின்னங்களைச் சுற்றி வீடோ மனையோ வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. மாநிலப் பட்டியலில் உள்ளவை, சென்னையின் பழைய கட்டடங்கள் பற்றிக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நூறு பக்கம் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு முதலிலேயே ஒன்று: எதையும் இடிக்காதீர்கள். ஏன் என்பது மூன்றாம் படியில் வரும்.

எந்தச் சட்டம் இது?

1958-ஆம் ஆண்டின் பழமையான நினைவுச் சின்னங்கள் மற்றும் தொல்லியல் இடங்கள், எச்சங்கள் சட்டம். 1992 ஜூன் 16 அன்று வந்த அறிவிக்கை ஒன்று, பாதுகாக்கப்பட்ட ஒவ்வொரு சின்னத்தையும் சுற்றி 100 மீட்டரைத் தடை செய்யப்பட்ட பகுதி என்றும், அதற்கு அப்பால் 200 மீட்டரை ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி என்றும் வகுத்தது. அந்தத் தேதியை எங்காவது குறித்து வையுங்கள். உங்கள் வீட்டின் தலையெழுத்து பெரும்பாலும் அந்தத் தேதியில்தான் நிற்கும்.

இடையில் சில ஆண்டுகள் ஒரு நிபுணர் ஆலோசனைக் குழு தடைப் பகுதிக்குள்ளும் கட்ட அனுமதி கொடுத்துக்கொண்டிருந்தது. அப்படிக் கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை என்று 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதைத் தொடர்ந்துதான் 2010 திருத்தச் சட்டம் வந்தது. அதுவரை அறிவிக்கையில் இருந்த 100, 200 கணக்கு சட்டத்துக்குள்ளேயே ஏறியது. அனுமதிகளைப் பரிசீலிக்க தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் பிறந்தது. தடைப் பகுதியில் புதுக் கட்டுமானத்துக்கு, பொதுத் திட்டமே ஆனாலும், அனுமதி கிடையாது என்றும் ஆனது. "பக்கத்து வீட்டுக்காரர் 2007-ல கட்டினாரே" என்ற வாதம் எடுபடாமல் போவது இதனால்தான்.

படி 1: உங்கள் ஊர்ச் சின்னம் யார் பட்டியலில்?

பழைய கோயில் என்றாலே தொல்லியல் துறை என்று நினைத்துவிட வேண்டாம். காஞ்சிபுரத்தில் கைலாசநாதர் கோயிலும் வைகுண்டப் பெருமாள் கோயிலும் இந்தியத் தொல்லியல் துறையிடம் இருக்கின்றன. ஏகாம்பரநாதர் கோயில் இந்து சமய அறநிலையத் துறையிடம். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலும் அறநிலையத் துறைதான். கொஞ்ச தூரத்தில் இருக்கும் திருமலை நாயக்கர் மகாலோ மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். தஞ்சைப் பெரிய கோயிலில் பூஜை ஒருவர் பொறுப்பு, கல் இன்னொருவர் பொறுப்பு. எனவே அர்ச்சகரையோ கோயில் அலுவலகத்தையோ கேட்டு முடிவுக்கு வராதீர்கள்.

மத்தியப் பட்டியலில் இருந்தால், வாசலுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் நீல நிறப் பலகை ஒன்று நிற்கும். சட்டத்தின் பெயரும் தண்டனையும் அதில் எழுதியிருக்கும். தமிழ்நாட்டில் இப்படி 400-க்கும் மேற்பட்ட சின்னங்கள் உள்ளன. எல்லாமே கோபுரம் வைத்தவை அல்ல. பெருங்கற்கால ஈமக்காடுகள், அதாவது பழங்கால மக்கள் இறந்தவர்களைப் புதைத்த இடங்கள், நிறைய இருக்கின்றன. பார்த்தால் வெறும் மேடு, நாலு கல். சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் பலருக்கு இந்தச் சிக்கல் வந்தது அப்படிப்பட்ட ஓர் இடத்தை வைத்துத்தான். காஞ்சிபுரம் மாதிரி ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு: பல்லவர் காலச் சிறு கோயில்கள் தெருக்களுக்கு நடுவே ஒளிந்திருக்கும். ஒரே வீடு இரண்டு சின்னங்களின் வட்டத்துக்குள் விழலாம். பெரிய கோயிலை மட்டும் பார்த்து அளந்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள்.

உறுதி செய்ய வேண்டிய இடம் இந்தியத் தொல்லியல் துறையின் வட்ட அலுவலகம். வட்டம் என்றால் தாலுகா இல்லை, அவர்களுடைய நிர்வாகப் பிரிவு. தமிழ்நாட்டுக்குச் சென்னை வட்டம் ஒன்று, 2020-ல் புதிதாகப் பிரித்த திருச்சி வட்டம் ஒன்று. வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகத்தான் பதில் வரும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, "இந்த ஊரில் உள்ள பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் எவை, அவற்றின் பாதுகாக்கப்பட்ட பகுதியின் சர்வே எண்கள் எவை, அரசிதழ் அறிவிக்கை நகல் வேண்டும்" என்று எழுதிப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் காகிதம் பின்னால் எல்லாப் படியிலும் கை கொடுக்கும்.

படி 2: கோடு எங்கிருந்து தொடங்குகிறது?

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். 100 மீட்டரைக் கருவறைக்கு மேலுள்ள விமானத்திலிருந்தோ கோபுரத்திலிருந்தோ அளப்பதில்லை. பாதுகாக்கப்பட்ட சின்னத்தின், அல்லது பாதுகாக்கப்பட்ட பகுதியின், எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் அளக்க வேண்டும். அரசிதழில் ஒரு முழு சர்வே எண்ணையே பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்திருந்தால், அந்தச் சர்வே எண்ணின் கடைசிக் கல்லிலிருந்துதான் கணக்கு ஆரம்பம். சுற்றியிருக்கும் புல்வெளி, மதில், மதிலுக்கு வெளியே இருக்கும் காலி இடம் எல்லாம் அதற்குள் அடங்கலாம்.

ஒரு வீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் விமானத்திலிருந்து 140 மீட்டர். வீட்டுக்காரர் நிம்மதியாக இருக்கிறார். ஆனால் பாதுகாக்கப்பட்ட பகுதியின் எல்லைக் கல் வீட்டிலிருந்து 88 மீட்டரில் இருக்கிறது. அவர் இருப்பது தடைப் பகுதி. விமானத்துக்கும் எல்லைக் கல்லுக்கும் நடுவே இருக்கும் அந்த 52 மீட்டர்தான் அவருடைய மாடிக் கனவைத் தின்றுவிட்டது.

அளவு நேர்கோட்டில்தான், தெரு வளைந்து வளைந்து போகிற தூரம் சேராது. வீட்டு வாசலுக்கும் சின்னத்துக்கும் நடுவே நாலு தெரு இருக்கிறது என்பதால் தூரம் கூடாது. அடிக்கணக்கில் பழகியவர்களுக்கு: 100 மீட்டர் சுமார் 328 அடி, 300 மீட்டர் சுமார் 984 அடி.

வீட்டில் உட்கார்ந்தே முதல் மதிப்பீடு போடலாம். தமிழ்நாடு அரசின் இணைய நிலப் பதிவுச் சேவையில் உங்கள் புலப்படத்தை, அதாவது சர்வே எண்ணின் அளவு வரைபடத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். நகரப் பகுதி என்றால் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல். சின்னம் இருக்கும் சர்வே எண்ணின் புலப்படத்தையும் எடுத்து, செயற்கைக்கோள் படத்தில் எல்லையிலிருந்து உங்கள் மனையின் கிட்டத்து மூலைக்குக் கோடு போட்டுப் பாருங்கள். 90, 105 என்று கோட்டை ஒட்டி வந்தால் உங்கள் டேப்பை நம்பாதீர்கள். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து, கையெழுத்துடன் வரைபடம் வாங்குங்கள். நான் பார்த்தவரை தகராறுகளில் பாதி இந்தப் பத்து மீட்டருக்காகத்தான்.

மனை பாதி உள்ளே, பாதி வெளியே இருந்தால்? வரைபடத்தில் 100 மீட்டர் கோட்டைப் பளிச்சென்று போட்டுக் காட்டுங்கள். புதிதாக வரும் சுவர், படிக்கட்டு, போர்ட்டிகோ எதுவும் அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே நீளக் கூடாது.

படி 3: உங்கள் வேலைக்குச் சட்டத்தில் என்ன பெயர்?

கொத்தனார் எல்லாவற்றையும் 'ஆல்ட்ரேஷன்' என்பார். சட்டம் மூன்று பெயர் வைத்திருக்கிறது. எந்தப் பெயருக்குள் உங்கள் வேலை விழுகிறது என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

முதலாவது, கட்டுமானம். புதிதாக ஒன்றை எழுப்புவது மட்டுமில்லை. இருப்பதோடு மேலாகவோ பக்கவாட்டிலோ எதைச் சேர்த்தாலும் கட்டுமானம்தான். மொட்டை மாடியில் ஒரே ஓர் அறை, கொல்லையில் ஒரு குளியலறை, எல்லாமே இதில் சேரும்.

இரண்டாவது, மறுகட்டுமானம். இருந்த கட்டடத்தை அதே நீள அகலத்தில், அதே உயரத்தில் திரும்ப எழுப்புவது. ஓர் அங்குலம் கூடினாலும் அது முதல் வகைக்குப் போய்விடும்.

மூன்றாவது, பழுதுபார்த்தலும் புதுப்பித்தலும். ஏற்கெனவே நிற்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றங்கள். மேலே சொன்ன இரண்டும் இதில் சேராது என்று சட்டமே பிரித்துச் சொல்கிறது.

இப்போது கோட்டையும் பெயரையும் சேர்த்துப் பாருங்கள். 100 மீட்டருக்குள் மூன்றாவது வகைக்கு மட்டும்தான் விண்ணப்பிக்க முடியும். அதுவும் அந்த வீடு 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்திருக்க வேண்டும், அல்லது அதற்குப் பிறகு தொல்லியல் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதலோடு கட்டியதாக இருக்க வேண்டும். 100-லிருந்து 300 மீட்டர் வரை மூன்று வகைக்குமே விண்ணப்பிக்கலாம். காலி மனை வைத்திருப்பவரும் விண்ணப்பிக்கலாம். 300-க்கு அப்பால் பொதுவாக இந்தச் சட்டத்தின் அனுமதி தேவையில்லை.

இடிக்காதீர்கள் என்று சொன்னதன் காரணம் இதுதான். தடைப் பகுதியில் நூறு வருட ஓட்டு வீடு ஒன்று நிற்கிறது. நிற்கும்வரை அதைப் பழுதுபார்க்க உங்களுக்கு வழி இருக்கிறது. இடித்துத் தரைமட்டமாக்கிய அன்று, திரும்பக் கட்டுவது மறுகட்டுமானம் ஆகிவிடுகிறது. அதே அளவில், அதே ஓட்டில் கட்டுகிறேன் என்றாலும் தடைப் பகுதியில் அதற்கு இடம் இல்லை. கையில் மிஞ்சுவது பட்டாவோடு ஒரு காலி மனை. ஒழுகுதே, இருக்கட்டும் என்று நாலு மழைக்காலம் விட்டு, ஐந்தாவது மழையில் சுவர் தானே சரிந்தாலும் நிலைமை கிட்டத்தட்ட அதுதான். ஆகவே தடைப் பகுதி வீட்டுக்காரருக்கு ஒழுகும் கூரை அவசர வேலை.

சில வேலைகளை வரிசையாகப் பார்ப்போம். உடைந்த ஓட்டை மாற்றுவது, உளுத்துப்போன உத்திரத்தை எடுத்து அதே இடத்தில் வேறு மரம் வைப்பது, உதிர்ந்த பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசுவது, தரை மாற்றுவது, ஒயரிங் எல்லாம் பழுதுபார்த்தல். சமையலறையின் ஒரு மூலையைத் தடுத்துக் கழிவறை ஆக்குவது, வெளிச்சுவர் நகராதவரை, இருக்கும் கட்டடத்துக்குள் நடக்கும் மாற்றம்தான். அதே கழிவறையைச் சுவருக்கு வெளியே நாலடி தள்ளிக் கட்டினால் கட்டுமானம். கொல்லையில் கழிவறை வேண்டும் என்று அடம்பிடிக்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இந்த நாலடியைப் புரியவைப்பது தனிப் பாடு.

முற்றத்தை மூடிக் கூடமாக்குவது? திண்ணையை அடைத்து அறையாக்குவது? வீட்டின் நீள அகலம் வெளியே கூடவில்லை என்று நீங்கள் வாதிடலாம். திறந்த வெளிக்கு மேல் கூரை வருவது சேர்ப்பு என்று அவர்கள் வாதிடலாம். இப்படி இரண்டு பக்கமும் பேச இடமிருக்கும் வேலையை விண்ணப்பத்திலேயே தனி வரியாக எழுதி அனுமதி வாங்குங்கள். 'பொதுவான பழுதுபார்ப்பு' என்று ஒற்றை வரியில் எழுதி, அதற்குள் எல்லாவற்றையும் நுழைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் பின்னால் வினையாகிறது.

வெள்ளையடிக்கவும் அனுமதியா என்று கேட்பார்கள். சட்டத்தின் சொல் 'மாற்றம்'. வெள்ளையடிப்பது கட்டடத்தில் எதையும் மாற்றவில்லை என்பது என் கருத்து. கூரை, சுவர், வாசல், சன்னல் என்று கட்டமைப்பைத் தொடும் எதுவானாலும் விண்ணப்பித்துவிடுங்கள்.

படி 4: வீடு 1992-க்கு முன்பே இருந்ததற்கு ஆதாரம்

தடைப் பகுதியில் இருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய வேலை இல்லை. நிலம் உங்களுடையது என்பதற்கான காகிதம் வேறு, கட்டடம் அன்று நின்றது என்பதற்கான காகிதம் வேறு. பட்டாவும் வில்லங்கச் சான்றும் முதலாவதைத்தான் சொல்லும்.

பழைய கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்துக்குப் போங்கள், சொத்து விவரம் எழுதிய இடத்துக்கு. "கிழமேல் ஜாதியடி 22, தென்வடல் ஜாதியடி 80, இதற்குள்பட்ட நாட்டு ஓடு போட்ட வீடும், தலைவாசல் கதவு நிலையும்" என்கிற மாதிரி ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் உங்கள் தங்கம். 1992-க்கு முந்தைய தேதியிட்ட பத்திரத்தில் வீடு என்ற சொல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. பாகப் பிரிவினைப் பத்திரம், அடமானப் பத்திரம், உயில் எதிலும் இந்த வரி இருக்கலாம். வீட்டில் பத்திரம் கிடைக்காவிட்டால் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள்.

அடுத்து, பழைய வீட்டு வரி ரசீதுகள். ரசீது கரையான் அரித்துவிட்டால் பேரூராட்சியிலோ நகராட்சியிலோ அந்தக் கால வரி கேட்புப் பதிவேட்டின் நகல் கேட்கலாம். மின் இணைப்பு எந்த ஆண்டு கொடுக்கப்பட்டது என்பதும் உதவும். முற்றத்தில் எடுத்த கல்யாண போட்டோ உணர்ச்சிக்கு நல்லது, தனி ஆதாரமாக நிற்காது, துணை ஆதாரமாக வையுங்கள்.

ஒரு சங்கடம் அடிக்கடி வரும். வீடு 1970-களில் கட்டியது, பின்கட்டு மட்டும் 1998-ல் சேர்த்தது. இதை மறைக்காதீர்கள். முன்பகுதிக்கு உங்களுக்குச் சட்டத்தின் ஆதரவு இருக்கிறது, பின்பகுதிக்கு இல்லை. மறைத்து, பழைய வரி ரசீதில் உள்ள பரப்பளவும் புது வரைபடத்தின் பரப்பளவும் ஒத்துப்போகாமல் மாட்டிக்கொண்டால் முன்பகுதி மேலும் சந்தேகம் விழும்.

படி 5: வரைபடமும் படங்களும்

இந்த வகை அனுமதிக்கு முன்பு வரைபடம் போட்ட அனுபவம் உள்ள இன்ஜினியரைத் தேடுங்கள். இருக்கும் நிலை தனித் தாளில், செய்யப்போவது தனித் தாளில். தரைத்தளம், முகப்புத் தோற்றம், குறுக்குவெட்டு மூன்றும் வேண்டும். இடத்தை அடையாளம் காட்டும் வரைபடத்தில் சின்னத்தின் எல்லையும் உங்கள் மனையும் நடுவிலுள்ள தூரமும் இருக்க வேண்டும்.

உயரத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் தரைத்தளமும் முதல் தளமும் கட்டப்போகிறீர்கள். அடிப்பீடம் 0.6 மீட்டர், தளத்துக்கு 3 மீட்டர் வீதம் 6 மீட்டர். மொட்டை மாடி மட்டம் 6.6 மீட்டர். வீட்டுக்காரரைக் கேட்டால் "ஆறரை மீட்டர்" என்பார். ஆனால் மாடிப்படி மேலே முடியும் இடத்தில் 2.4 மீட்டரில் ஒரு கூண்டு, அதன் தலையில் 1.3 மீட்டரில் தண்ணீர்த் தொட்டி. கூட்டினால் 10.3 மீட்டர். சின்னத்தின் பக்கம் நின்று பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்தத் தொட்டிதான். விண்ணப்பத்தில் தொட்டி, கைப்பிடிச் சுவர், படிக்கூண்டு சேர்த்த உயரத்தையும் கேட்பார்கள். தொட்டியைக் கூண்டின் தலையில் ஏற்றாமல் மாடியின் பின்பக்கத்தில் தாழ வைத்தால் அதே வீடு சட்டென்று ஒரு மீட்டருக்கு மேல் குட்டையாகிவிடும். செலவில்லாத திருத்தம்.

படங்கள் நிறைய எடுங்கள். வீட்டின் நாலு பக்கம், தெரு இரு முனையிலிருந்தும், வீட்டு மாடியிலிருந்து சின்னம் தெரிகிற கோணம், சின்னத்திலிருந்து வீடு தெரிகிற கோணம், அக்கம்பக்கத்துக் கட்டடங்கள். பழுதுபார்ப்பு என்றால் பழுதை எடுங்கள்: விரிசல், உளுத்த மரம், ஒழுகின தடம். தேதி தெரியும்படி எடுத்து வைத்தால் பின்னால் "புதுசா கட்டியிருக்கீங்க" என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

படி 6: விண்ணப்பமும் காலக் கணக்கும்

விண்ணப்பம் போவது தகுதியுடைய அதிகாரி என்று சட்டம் குறிப்பிடும் பதவிக்கு. ஆணையத்துக்கு நேரடியாக அனுப்பக் கூடாது. இந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2011 விதிகளில் இதற்கென்று படிவம் இருக்கிறது. ஆணையத்தின் என்.ஓ.ஏ.பி.எஸ். என்ற இணையதளம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகையோடு குறிப்பதற்கு இஸ்ரோ உதவியுடன் செய்த செயலியும் உண்டு.

சட்டம் போட்டிருக்கும் கெடு இப்படி: தகுதியுடைய அதிகாரி 15 நாளுக்குள் விண்ணப்பத்தை ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள், இந்த வேலையால் சின்னத்துக்கு என்ன பாதிப்பு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அது வந்த ஒரு மாதத்துக்குள் தகுதியுடைய அதிகாரி அனுமதி கொடுக்கவோ மறுக்கவோ வேண்டும். ஆணையத்தின் பரிந்துரைதான் முடிவானது, அதிகாரி தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மூன்றரை மாதம். ஒரு காகிதம் குறைந்தால் திரும்பி வரும். ஆகவே சித்திரையில் வேலை தொடங்க வேண்டும் என்றால் ஐப்பசியிலேயே காகிதம் சேர்க்க ஆரம்பியுங்கள். கெடு தாண்டியும் பதில் வரவில்லை என்றால் அனுமதி கிடைத்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அப்படி ஒரு பிரிவு இந்தச் சட்டத்தில் இல்லை.

மறுப்பதாக இருந்தால் உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பு கொடுத்து, எழுத்துமூலம்தான் மறுக்க வேண்டும். உயரம்தான் சிக்கல் என்றால் குறைத்துத் திருத்திய வரைபடத்தோடு மறுபடி போகலாம். தடைப் பகுதியில் கட்டுமானம் கேட்டு மறுத்தால், அங்கே பேசிப் பயனில்லை. சட்டமே கையைக் கட்டியிருக்கிறது.

சில சின்னங்களுக்கென்று தனியாகப் பாரம்பரியத் துணைவிதிகள் வகுப்பார்கள். கட்டடத்தின் உயரம், முகப்பு, நிறம் வரை அதில் வரும். உங்கள் ஊர்ச் சின்னத்துக்கு வரைவு வெளியானால் பொதுமக்கள் கருத்து கேட்பார்கள். அந்த நேரத்தில் தெருக்காரர்கள் சேர்ந்து எழுதிப் போடுங்கள். வீட்டுக்காரர்கள் பேச்சுக்கு மதிப்புள்ள ஒரே கட்டம் அது, பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

படி 7: உள்ளாட்சி அனுமதி தனி

ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் தொல்லியல் அனுமதி வந்துவிட்டால் உடனே கட்டலாமா? முடியாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி வாங்க வேண்டிய கட்டட அனுமதியை வழக்கம்போல் வாங்க வேண்டும். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

2024-ல் வந்த சுயசான்று முறையில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி கிடைக்கிறது. அது மாநிலத்தின் கட்டட விதிகளுக்கான சலுகை. மத்தியச் சட்டம் அதனால் விலகி நிற்காது. சுயசான்று என்றால் விதிகளுக்கு உட்பட்டது என்று கையெழுத்துப் போடுவது நீங்கள்தான் என்பதையும் மறக்காதீர்கள். இரண்டு அனுமதியிலும் ஒரே வரைபடம், ஒரே உயரம் இருக்கட்டும்.

படி 8: வேலை நடக்கும்போது

அனுமதிக் கடிதத்தின் நகலை வேலையிடத்தில் வையுங்கள். கொத்தனாருக்கு வரைபடத்தைக் காட்டி, எதைத் தொடக் கூடாது என்று சொல்லுங்கள். மேஸ்திரிகள் நல்ல மனசோடு செய்யும் உபகாரம்தான் ஆபத்து: "இவ்ளோ செலவு பண்றீங்க, இன்னும் ரெண்டு வரி கல்லு ஏத்திடலாம்ணே." அந்த இரண்டு வரிக் கல் பழுதுபார்ப்பைக் கட்டுமானம் ஆக்கிவிடும். வேலை நடக்கும்போதே சின்னத்துக்குப் பாதிப்பு என்று தெரிந்தால், கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

பழைய வீடு சுண்ணாம்பில் கட்டியதென்றால் சுண்ணாம்பிலேயே பழுதுபாருங்கள். இது சட்டத்துக்காகச் சொல்லவில்லை, சுவருக்காக. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, உப்புப் பூத்து, மூன்று நாலு வருடத்தில் பூச்சு செங்கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூலி கூடுதல்தான். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் (மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பில் போட்டது) ஒன்றிரண்டு உத்திரம் மட்டும் போயிருந்தால், முட்டுக் கொடுத்து அவற்றை மட்டும் மாற்றலாம். முழுத் தளத்தையும் எடுத்துவிட்டு கான்கிரீட் போட நினைத்தால் அதை விண்ணப்பத்தில் சொல்லியிருக்க வேண்டும், மட்டமும் பழைய மட்டமாகவே இருக்க வேண்டும்.

தோண்டும்போது பழைய காசு, சிலை, எழுத்துள்ள கல், பெரிய ஜாடி மாதிரி ஏதாவது வந்தால் வேலையை நிறுத்துங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கழுவிப் பார்க்கக்கூட வேண்டாம், மண்ணோடு இருப்பதுதான் அவர்களுக்கு முக்கியம்.

மீறினால் என்ன?

தடைப் பகுதியில் கட்டினாலும், ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியில் அனுமதி இல்லாமல் அல்லது அனுமதியை மீறிக் கட்டினாலும், இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இதற்குக் கண்ணை மூடிக்கொள்ளும் மத்திய அரசு அதிகாரிக்கு மூன்று ஆண்டு வரை சிறை. "கொஞ்சம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், அவருக்கு உங்களைவிட ஒரு வருடம் கூடுதல் என்பதை நினைவில் வையுங்கள்.

நோட்டீஸ் வந்துவிட்டதா? வேலையை அன்றே நிறுத்துங்கள். நிறுத்திய நிலையைப் படம் எடுங்கள். கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். ராத்திரியோடு ராத்திரியாகத் தளம் போட்டு முடித்துவிட்டால் இடிக்கமாட்டார்கள் என்பது ஊர் நம்பிக்கை. பாதிக் கட்டடத்தை விட முழுக் கட்டடத்தை இடிக்கும் செலவுதான் அதிகம் என்பதைத் தவிர அதில் வேறு லாபமில்லை.

மத்தியப் பட்டியலில் இல்லாத இடங்கள்

மாநிலப் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் தனியாக உண்டு. தரங்கம்பாடி டேனிஷ் கோட்டை, திருமலை நாயக்கர் மகால் எல்லாம் அதன் கீழ் வருகின்றன. சென்னையில் உள்ள மாநிலத் தொல்லியல் துறையைத்தான் அணுக வேண்டும். மதுரையில் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றிக் கட்டடங்களுக்கு 9 மீட்டர் உயரக் கட்டுப்பாடு இருக்கிறது. அது தொல்லியல் அனுமதியாக வராது, கட்டட அனுமதியின் வழியாகவே வரும்.

சென்னை அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிப்பது தொடர்பான வழக்கில் 2010-ல் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பை அடுத்து, சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தில் (சி.எம்.டி.ஏ.) பாரம்பரியக் கட்டடப் பாதுகாப்புக் குழு அமைந்தது. பட்டியலில் உள்ள கட்டடம் உங்களுடையது என்றால் இடிக்கவோ மாற்றவோ அந்தக் குழுவைத் தாண்டித்தான் போக வேண்டும். இங்கே தூரம் கணக்கில்லை, உங்கள் கட்டடமே பட்டியலில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இனிமேல்தான் வாங்கப்போகிறீர்களா?

"கோயில் வியூ" என்று போர்டு வைத்த மனைப் பிரிவில் முன்பணம் கொடுப்பதற்கு முன், இரண்டாம் படியை மட்டும் செய்து பாருங்கள். சர்வேயர் கூலி சில ஆயிரம் ஆகும். 100 மீட்டருக்குள் இருக்கும் காலி மனையில் வேலியும் வாழையும் தவிர வேறெதையும் திட்டமிடாதீர்கள். பழைய வீட்டோடு வாங்குவதென்றால், விற்பவரிடம் 1992-க்கு முந்தைய பத்திரங்களின் அசலைச் சேர்த்தே கேளுங்கள். கிரயம் முடிந்த பிறகு கேட்டால், "அதெல்லாம் எங்க அப்பா காலத்துல இருந்துச்சு" என்பார்.